காணாமல் போன ‘ணி’

ஸ்டான்லியின் கடைக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்பதில் புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. என்ன கம்ப்யூட்டர் வாங்குவது என்பதில்தான் மாதக்கணக்காக இழுபறி நடந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில் இருந்தது ‘லூர்து கம்ப்யூட்டர்ஸ்’. முன்னால் ஜெராக்ஸ் மிஷின், அதையொட்டி இரண்டு விண்டோஸ் கம்ப்யூட்டர்கள், பின்னால் ஒரு மரத்தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டான்லி கழற்றிப் போட்ட டப்பாக்களும் வயர்களும். கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று கடையில் வேலைக்குக் குறைவில்லை. அது 2001-ஆம் வருடம். ஊரில் தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. அவற்றில் பாதிக்கு மிஷின் பூட்டிக் கொடுத்தவன் ஸ்டான்லிதான். எங்கே கம்ப்யூட்டர் படுத்தாலும் “ஸ்டான்லிக்கு ஒரு போனப் போடு” என்பார்கள். அவன் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மொபெட்டை உதைப்பான். போன இடத்தில் எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கும்.

அவன் பெண்டாட்டி அல்போன்சா வத்தலக்குண்டுக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஆறு வருடம் டிசைனராக இருந்தவள். அங்கே எல்லாமே ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டர். ஸ்டான்லியைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் வந்தபிறகு விண்டோஸில் உட்கார்ந்தாள். இரண்டு வருடம் ஆகியும் அவள் கை மட்டும் பழகவில்லை. மேக்கில் முக்கியமான கட்டளைக்கெல்லாம் கட்டைவிரல்தான் போகும். இங்கே சுண்டுவிரலை நீட்ட வேண்டும். அவள் கட்டைவிரல் பழைய இடத்துக்கே போகும். சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்று திரையில் திறந்துகொள்ளும். “ச்சே” என்று மூடிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். ஸ்டான்லி அதைப் பார்த்துச் சிரிப்பான். கேலியாகச் சிரிக்கமாட்டான், ஆனாலும் சிரிப்பான்.

“ஒரு மேக் வாங்கிருவோங்க. கலர் வேலைய எடுத்துச் செய்யலாம். இங்க மசாலா, புகையிலை, பூட்டுன்னு அட்டப்பெட்டி அடிக்கிறவங்க அம்புட்டுப் பேரும் டிசைனுக்கு மதுரைக்கும் சிவகாசிக்கும்தான ஓடுறாங்க?” என்பாள்.

“இந்தா பாரு, பேச்சுக்கு அது நல்லாத்தான் இருக்கும். கஸ்டமரு பிளாப்பியில கொண்டு வர்றத அதுல போட முடியுமா? நம்ம தமிழ் எழுத்து பான்ட் அதுல வருமா? நாளைக்கு அது நின்னு போச்சுன்னா மெட்ராசுக்குத் தூக்கிட்டு ஓடணும். அந்தக் காசுக்கு விண்டோஸ்ல ரெண்டு மிஷினு பூட்டிரலாம்” என்பான் ஸ்டான்லி.

சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதனால்தான் அல்போன்சாவால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் இந்த நான்கு காரணங்களுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதை அவன் அவளிடம் மட்டுமல்ல, தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

அந்த நேரத்தில்தான் முகமது பாரூக் வந்தார். பேகம்பூர் பக்கம் மாவு மில் வைத்திருந்தவர். கடைகளுக்குச் சில்லறையாக அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பிரியாணி மசாலாவைச் சொந்தப் பெயரில் பெட்டி போட்டு விற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நோன்பு பிறப்பதற்குள் பெட்டி கடைகளுக்குப் போய்விட வேண்டும்.

“தங்கச்சி, பெட்டியப் பாத்தாலே நாக்குல தண்ணி ஊறணும். அம்புட்டுத்தான் நான் சொல்லுவேன். மத்ததெல்லாம் உன் பாடு” என்றார்.

அல்போன்சா பத்து நாள் அதில் கிடந்தாள். பிரியாணி ஆக்கும் பித்தளைத் தேக்சாவின் மூடி லேசாக விலகியிருக்க, உள்ளே சீரகச்சம்பா அரிசி ஒவ்வொன்றாகத் தெரியும்படி ஒரு படம். மேலே கறுஞ்சிவப்பில் பெரிய எழுத்தில் ‘பாரூக் பிரியாணி மசாலா’. பாரூக் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, “மாஷா அல்லாஹ்” என்றார். அது போதுமானதாக இருந்தது.

பெட்டி அச்சாவது சிவகாசியில். அங்கே அச்சுக்கான பிலிம் எடுக்கும் இடத்தில் இருப்பது மேக். இது தெரிந்துதான் அல்போன்சா சொல்லியிருந்தாள்: “சிடி போடுறதுக்கு முன்னாடி எழுத்தையெல்லாம் படம் மாதிரி கோடா மாத்திரணுங்க. எழுத்தா விட்டோம்னா அங்க போய் என்னவா வரும்னு சொல்ல முடியாது.” அவளே மாற்றி, ஒரு சிடியும் எழுதி வைத்துவிட்டு, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வத்தலக்குண்டுக்குப் போனாள்.

அவள் போன மறுநாள் பாரூக் வந்து பின்பக்கத்தில் போன் நம்பரை மாற்றச் சொன்னார். கோடாகிவிட்ட எழுத்தைத் திருத்த முடியாது. ஸ்டான்லி எழுத்தாக இருந்த பழைய பைலைத் திறந்தான், நம்பரை மாற்றினான், கடை பிரிண்டரில் ஒரு தாள் எடுத்து பாரூக்கிடம் காட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பக் கோடாக மாற்ற வேண்டும் என்பது அவனுக்கு ஞாபகம் வராமல் இல்லை. ‘பான்ட்டையும் சேத்துத்தானே சிடில போடுறோம், எந்த மிஷினா இருந்தா என்ன, எழுத்து எழுத்துதானே’ என்று ஒரு வீம்பு. அப்படியே அனுப்பிவிட்டான்.

பெட்டிகள் லாரி ஆபீசில் வந்து இறங்கிய அன்று பாரூக் ஒரே ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மேஜைமேல் வைத்தார். “படிங்க தம்பி” என்றார்.

ஸ்டான்லி படித்தான். தேக்சா அருமையாக வந்திருந்தது. அரிசி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மேலே கறுஞ்சிவப்பில், நட்ட நடுவில், அழகாக இருந்தது: ‘பாரூக் பிரியா மசாலா’.

“எங்க வீட்டுல கேக்குறா, யாரு அந்தப் பிரியான்னு” என்றார் பாரூக். அவர் சிரிக்கவில்லை. “என் மக சிரிக்கிறா. மருமகன் சிரிக்கிறான். மில்லுல மூட்டை தூக்குறவன் சிரிக்கிறான். நான் என்ன பண்ணட்டும்?”

ஸ்டான்லிக்குக் காது சூடாகிவிட்டது. பெட்டியைத் திருப்பினான். பின்பக்கம் செய்முறையில் ‘அரை மணி நேரம் ஊறவைக்கவும்’ என்பது ‘அரை ம நேரம்’ என்று இருந்தது. எங்கெல்லாம் ‘ணி’ உண்டோ அங்கெல்லாம் ‘ணி’ இல்லை. அவர்கள் பயன்படுத்திய எழுத்துருவில் ‘ணி’ சேர்ந்த ஒரே எழுத்தாக ஒரு மூலையில் இருந்தது. விண்டோஸ் அந்த மூலைக்கு ஓர் எண் வைத்திருந்தது. மேக் அதே எண்ணில் வேறு மூலையைப் பார்த்தது, அங்கே ஒன்றுமில்லை. இடைவெளிகூட விடாமல் மற்ற எழுத்துகள் நெருங்கி உட்கார்ந்துகொண்டன. அதனால்தான் அச்சகத்தில் யார் கண்ணிலும் படவில்லை. பிரியா என்பது நல்ல பெயர்தானே என்று விட்டிருப்பார்கள்.

“என் தப்பு பாய். அல்போன்சா சரியாத்தான் செஞ்சு வச்சிருந்துச்சு. நான்தான் கெடுத்துட்டேன். புதுசா அடிக்கிற செலவு என்னுது” என்றான் ஸ்டான்லி.

பாரூக் கையை ஆட்டி அவனை நிறுத்தினார். “செலவப் பெறகு பேசுவம். நோன்புக்குள்ள எனக்குப் பெட்டி வேணும். அத மட்டும் சொல்லுங்க.”

அன்று சாயங்காலம் அல்போன்சா ஊரிலிருந்து வந்து இறங்கினாள். அவன் பெட்டியை அவள் முன்னால் வைத்தான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து, திட்டினால் சொல்வதற்கு இரண்டு பதில்களும் தயாராக வைத்திருந்தான். அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேக்சாவின்மேல் விரலை ஓட்டினாள். “நெறம் நல்லா வந்திருக்குல்ல?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “காலையில முதல் வண்டிக்குப் போயிருவோம். சிடிய அனுப்பிட்டு இங்க உக்காந்திருந்தா சரிப்படாது” என்றாள்.

மதுரையில் இறங்கி மாறி சிவகாசிக்குப் போனார்கள். பிலிம் எடுக்கும் இடம் குளிரூட்டப்பட்ட ஓர் உள்ளறை. செருப்பை வெளியே விட வேண்டும். அழகர் என்ற ஆபரேட்டர் மேக்கின் முன்னால் இருந்தான். ஸ்டான்லி முன்பு அனுப்பியிருந்த சிடியைப் போட்டுத் திறந்தான். திரையில் வந்து நின்றது ‘பாரூக் பிரியா மசாலா’.

“இதான் எங்களுக்கு வந்துச்சுக்கா. நாங்க ஒண்ணும் பண்ணல” என்றான் அவன்.

“தெரியும் தம்பி. உங்க மேல ஒண்ணும் இல்ல. நான் செத்த உக்காரலாமா?”

அழகர் எழுந்து இடம் கொடுத்தான். அல்போன்சா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்தினாள். கையை வைத்தாள்.

ஸ்டான்லி சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு வருடமாகத் தினமும் அவள் வேலை செய்வதைப் பார்த்தவன்தான். இப்போது பார்ப்பது வேறு யாரோ ஒருத்தி மாதிரி இருந்தது. அவள் கை எதையும் தேடவில்லை. திரையில் பெட்டி விரிந்தது, சுருங்கியது, அடுக்கடுக்காகப் பிரிந்தது. போன எழுத்தைத் திரும்பத் தட்டுவதற்குப் பதிலாக, ‘பிரியா’ என்று நின்றதை முழுசாக அழித்துவிட்டு ‘பிரியாணி’யைப் புதிதாக வரைய ஆரம்பித்தாள். ‘ப’வின் வலது கால் கொஞ்சம் தடித்து நின்றது. ‘ணி’யின் மேல்வளைவு தேக்சாவின் மூடி மாதிரியே லேசாகத் தூக்கிக்கொண்டது. பின்பக்கத்து ‘ணி’களைத் தான் முன்பு கோடாக்கி எழுதிய சிடியிலிருந்து எடுத்துப் பொருத்தினாள். ஒரு தடவைகூட “ச்சே” என்று சொல்லவில்லை. நடுவே என்னவோ முணுமுணுத்தாள். கவனித்துக் கேட்டான். கோயிலில் பாடும் ஏதோ ராகம். கடையில் ஒருநாள்கூட அவள் வேலை செய்யும்போது முணுமுணுத்து அவன் கேட்டதில்லை.

அழகர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டான். பக்கத்து மேஜைக்காரரும் வந்தார். “அக்கா எங்க வேலை பாக்குறாங்க?” என்று ஸ்டான்லியிடம் மெதுவாகக் கேட்டார்.

“திண்டுக்கல்ல. நம்ம கடைதான்” என்றான் ஸ்டான்லி. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும், கொஞ்சம் திருடன் மாதிரியும் இருந்தது.

வேலை முடிந்து, பிலிம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். மதுரைக்குத் திரும்பும் பஸ் விருதுநகரைத் தாண்டியது. ஜன்னல் பக்கம் அவள். காற்றுக்குத் தலைமுடி பறந்துகொண்டிருந்தது.

“நீ இப்பிடி வேலை செய்வன்னு எனக்குத் தெரியாது” என்றான்.

“தெரிய எங்க வழி?” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை.

கண்டக்டர் கடந்து போகும்வரை ஸ்டான்லி காத்திருந்தான். “பிளாப்பி, சர்வீசு, பான்ட்டுன்னு நான் சொன்னதெல்லாம் நெசந்தான். ஆனா அதுக்காக வேணாங்கல. அது கடைக்கு வந்துருச்சுன்னா எனக்கு அதுல ஒண்ணுந் தெரியாது. நின்னு போச்சுன்னா தொறக்கக்கூடத் தெரியாது. ஊரே என்னக் கூப்பிடுது. என் கடையிலயே நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமேன்னு இருந்துச்சு.”

அல்போன்சா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. “நான் ரெண்டு வருசமா அப்பிடித்தான நிக்கிறேன்” என்றாள்.

மதுரை வரும்வரை முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாட்டுத்தாவணியில் இறங்கி டீ குடிக்கும்போது, “உங்க பழைய கம்பெனியில அந்த மிஷின மாத்தும்போது பழசக் குடுப்பாங்கன்னு சொல்லுவியே, கேட்டுப் பாரு” என்றான். அவள் டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள். “நெசமாத்தான் சொல்றேன்” என்றான்.

பாரூக்கின் பெட்டி நோன்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே கடைகளில் ஏறியது. தப்பாக அடித்த பெட்டிகளை அவர் தூரப் போடவில்லை. மொத்தமாக வாங்கும் ஓட்டல்காரர்களுக்கு அதிலேயே நிரப்பிக் கொடுத்தார். “பிரியா பெட்டியில ரெண்டு கட்டு” என்று அவர்களும் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். செலவில் ஸ்டான்லி பாதி கொடுத்தால் போதும் என்று முடித்துக்கொண்டார்.

தை மாதம் மேக் வந்தது. இளம் சாம்பலும் வெள்ளையுமாக ஓர் உயரப் பெட்டி. பழசுதான் என்றாலும் பளிச்சென்று இருந்தது. ஸ்டான்லி தடுப்புக்குப் பின்னால் கிடந்த தன் டப்பாக்களை மாடிப்படிக்குக் கீழே மாற்றிவிட்டு அந்த இடத்தை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தான். ஆனால் அதைத் தொடுவதில்லை. தூசி துடைப்பதற்குக்கூட அவளைத்தான் கூப்பிடுவான்.

அவன் பயந்ததெல்லாம் நடக்கவும் செய்தது. அதில் பிளாப்பி போடவே இடம் இல்லை. தமிழில் வேகமாகத் தட்ட முடியவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவர்கள் அந்தப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குச் சாஸ்தி ஆகுமோ?” என்று பயந்தார்கள். ஆகவே தட்டச்சு எல்லாம் முன்னால் விண்டோஸிலேயே நடந்தது. அங்கிருந்து மேக்குக்குப் போகும்போது ‘ணி’யும் அதன் கூட்டாளிகளும் வழக்கம்போலக் காணாமல் போயின. ஸ்டான்லி இதற்கு மட்டும் மல்லுக்கட்டினான். எந்த எழுத்து எந்த எண்ணில் இருக்கிறது, அங்கே போய் எந்த எண்ணைத் தேடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இடையில் நின்று மாற்றிக் கொடுக்கும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினான். முதலில் ‘ணி’ வந்தது, ‘றீ’ போனது. பிறகு ‘றீ’ வந்தது. ஒருநாள் ஒரு பக்கம் முழுவதும் ஒன்றும் தொலையாமல் போய்ச் சேர்ந்தபோது அல்போன்சா உள்ளேயிருந்து “வந்துருச்சுங்க!” என்று கத்தினாள். ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தவர் யாருக்கோ பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

வேலை பெருகியது. சிறுமலை மிளகுக்கு ஒரு பாக்கெட், ஒரு பூட்டுக் கம்பெனிக்கு அட்டை, நிலக்கோட்டையில் ரோஜா ஏற்றுமதி செய்கிறவருக்குப் பெட்டி. கேட்டவர்கள் எல்லோரும் பாரூக்கின் தேக்சாவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. அல்போன்சா பாரூக்கின் சுக்கா மசாலாப் பெட்டியை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. சந்து முழுக்க வெள்ளையாக வெளிச்சம் அடித்து அடங்கியது. கரண்ட் போய், வந்து, மறுபடி போனது. திரும்ப வந்தபோது விண்டோஸ் இரண்டும் எழுந்துகொண்டன. மேக் எழவில்லை. சாம்பல் திரையில் ஒரு கேள்விக்குறி மட்டும் விட்டுவிட்டு மினுங்கியது.

அல்போன்சா நிறுத்திப் போட்டாள். மறுபடி அதே கேள்விக்குறி. வேலையெல்லாம் வாராவாரம் சிடியில் எழுதி வைப்பவள், அதனால் பழையது போகாது. ஆனால் மிஷின் இல்லாமல் என்ன செய்வது? சென்னைக்குப் போன் போட்டாள். கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம், நாளாகும் என்றார்கள். போனை வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டாள்.

“நீங்க சொன்னீங்க. அப்பவே சொன்னீங்க” என்றாள் கைகளுக்குள்ளிருந்து.

ஸ்டான்லி தடுப்போரம் நின்றுகொண்டிருந்தான். தான் சொன்னது சரியாகிவிட்டதில் ஒரு துளி சந்தோஷம்கூட அவனுக்கு வரவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. “இதத் தொறக்கலாமா?” என்று கேட்டான்.

அவள் கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். “நீங்களா?”

“தொறந்து பாக்குறேன். கெட்டுப் போனதுதான, இன்னும் என்ன கெடப்போகுது?”

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வளையம் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தவன் ஸ்க்ரூ எங்கே என்று தேடினான். ஒன்றுகூட இல்லை. வளையத்தை இழுத்தான். அந்தப் பக்கம் முழுவதும் லாரியின் பின்கதவு மாதிரி மெதுவாகச் சாய்ந்து, உள்ளே இருந்த அத்தனையையும் சுமந்துகொண்டு தரையில் படிந்தது. ஸ்டான்லி குனிந்தான். அப்படியே இருந்தான்.

“என்னங்க? எரிஞ்சு போச்சா?”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். “ஏ அல்போன்சா, இங்க வந்து பாரேன். இந்தா, இந்த மெமரி ராமு நம்ம கடையில இருக்குற அதே ராமு. டிஸ்க்கும் நம்ம போடுறதுதான். இந்தப் பட்டை வயரக்கூட நான் போன வாரம் ஒருத்தருக்கு மாட்டுனேன். எல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஆளுகதான் உள்ள உக்காந்திருக்கு! இதுக்குப் போயா நான் இத்தன நாளு பயந்தேன்?”

டிஸ்க்கைத் தேடிக் கிடைக்காமல்தான் அது கேள்விக்குறி போடுகிறது என்று அவனுக்குப் பிடிபட்டது. மாடிப்படிக்குக் கீழே போய், யாருக்கோ பூட்டுவதற்கு வாங்கி வைத்திருந்த புது டிஸ்க்கை எடுத்து வந்தான். பழையதைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, “போச்சு” என்று ஓரமாக வைத்தான். புதியதை மாட்டினான். கதவைத் தூக்கிச் சாத்தினான். அதற்குமேல் அவனுக்குத் தெரியாது. நகர்ந்து கொடுத்தான். அல்போன்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிடியைப் போட்டு, மேக் எழுவதற்கு வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றினாள். அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, “இது எதுக்கு? இந்த பட்டன் என்ன பண்ணும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெளியே மழை பிடித்துப் பெய்தது. முன்பக்கத்திலிருந்து யாரோ குடையை மடக்கி உதறும் சத்தம் கேட்டது.

“அண்ணே, அஞ்சலி போஸ்டர் ஒண்ணு அடிக்கணும். அவசரம். போட்டோ கொண்டாந்திருக்கேன்.”

“நீ போ. டைப் அடிக்கிறதுல உன் கைதான் வேகம்” என்றான் ஸ்டான்லி.

“நீங்க போங்க. இது பாதியில நிக்கிது” என்றாள் அவள்.

அவன் எழுந்து, சாம்பல் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முன்னால் போனான்.